சண்டைக்கு ஒரு சாமி

இடுப்பெலும்பு முறிந்து மறுவாழ்வு மையத்துக்கு வந்த ஆவுடையப்பன், தினமும் முருகன் படத்தைத் திட்டித்தான் கும்பிடுவார். அப்போதெல்லாம் இதயத் துடிப்பை அளக்க அவர் மணிக்கட்டில் கட்டியிருந்த நலப்பட்டை சிவந்து அலறும். இந்த பக்தி உடம்புக்கு ஆகாது என்று மையத்தின் கணினி தீர்மானித்தது. படம் பறிபோனது, பதிலுக்கு மென்குரல் தியானம் வந்தது. பட்டை பச்சையானது. அவர் நடப்பதை நிறுத்திவிட்டார்.

"ஏன் ஐயா எந்திரிக்க மாட்டேங்கீங்க?" என்றாள் நடைப்பயிற்சி தரும் ஜெனிஷா.

"எந்திரிச்சு யாருகிட்டம்மா சண்டைக்குப் போக?"

படத்தைத் திருப்பிக் கொடுத்தால் அவள் வேலை போய்விடும். மறுநாள் காலை அதை எடுத்துக்கொண்டு வராந்தாவின் நடுவில் போய் நின்றாள்.

"ஏலே முருகா! இடுப்ப ஒடச்சுட்டு எங்கல போய் ஒளிஞ்ச?"

படத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஆவுடையப்பன் வாக்கரைப் பிடித்து எழுந்து வந்தார். பட்டை அலறியது.

ஜெனிஷா படத்தோடு இன்னும் பத்தடி பின்னால் போனாள்.