மூணாம் நம்பர் ரோபோ ஏன் நின்னுச்சு

இறங்க மாட்டேன் மேனேஜர் சார். மைக்கைப் பிடுங்காதீங்க. பிடுங்கினாலும் எனக்குத் தொண்டை இருக்கு.

திமிரா? இருந்துட்டுப் போகட்டும். பரிசு வாங்க மேடைக்குக் கூப்பிட்டது நீங்க. வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை பேசும்மான்னதும் நீங்க. பேசிட்டுத்தான் இறங்குவேன்.

நாலாவது வரிசையில நிக்கிற லம்யாய் அக்கா, தலையைக் குனியாதீங்க. உங்களைப் பத்தித்தான் பேச்சு.

இவங்க என்ன தப்பு பண்ணாங்கன்னு இந்த ரயோங் ஊர் ஃபேக்டரிக்கே தெரியும். நோட்டீஸ் போர்டுலயே ஒட்டியிருக்கு. பைக் சைலன்சர் குழாய்க்கு டிக் வெல்டிங் அடிக்கிற மூணாம் நம்பர் ரோபோ, ரெண்டு வாரமா ஒரு நாளைக்குப் பதினோரு தடவை நின்னுச்சு. காரணம், இவங்க செட்டிங்கை மாத்திட்டாங்களாம். அதனால திங்கக்கிழமையில இருந்து பேக்கிங். ஆறு வருஷமா, ரோபோ வந்து இறங்கின நாள்ல இருந்து அது கூடவே நிக்கிற ஆளுக்கு, அட்டைப்பெட்டி மடிக்கிற வேலை!

எனக்கு? பரிசு. காலேஜ்ல இருந்து பயிற்சிக்கு வந்த பொண்ணு, ரோபோ நிக்கிறதையே நிறுத்திட்டாளாம்.

நான் என்ன கிழிச்சேன்? நின்ன நேரத்தைக் குறிச்சேன். கம்ப்யூட்டர்ல கலர் கலரா படம் போட்டேன். கீழ "ஆபரேட்டர் கவனக்குறைவு"ன்னு கொட்டை எழுத்துல எழுதினேன். அது பத்தாதுன்னு, "என்னக்கா, நின்னுக்கிட்டே தூங்குறீங்களா?"ன்னு லைன்ல எல்லார் முன்னாடியும் கேட்டேன்.

அவங்க சிரிச்சாங்க. "ஆமாடி எலிக்குட்டி, வயசாகுதுல்ல"ன்னுட்டு, ரோபோவுல பொறி அடிக்கிற டங்ஸ்டன் முனை கறுத்துப்போனதைக் கழட்டிப் புதுசு மாட்டப் போயிட்டாங்க.

அந்த முனை ஏன் கறுக்குதுன்னு நான் கேக்கல. சார், நீங்களும் கேக்கல.

இப்ப கேளுங்க. வெல்டு முடிஞ்சு ஆர்க் பொறி அணைஞ்சதும் ரோபோ எட்டு செகண்ட் அப்படியே நிக்கும். பாக்குறவங்களுக்கு வெட்டியா நிக்கிற மாதிரி தெரியும். ஆனா அந்த எட்டு செகண்டும் கேஸ் ஊதிக்கிட்டே இருக்கும். பழுத்த முனை ஆறுற வரைக்கும் காத்து படாமப் பாத்துக்கும். அந்த எட்டை யாரோ ரெண்டாக்கிட்டாங்க. முனை கறுத்துச்சு, அடுத்த வெல்டுக்குப் பொறி பிடிக்கல, ரோபோ நின்னுச்சு. அவ்வளவுதான் கதை.

"அவளே வந்து ஒத்துக்கிட்டா"ங்கிறீங்க. ஒத்துக்கிட்டாங்கதான். நேத்து சாப்பாட்டு நேரத்துல அதைத்தான் அவங்ககிட்ட கேட்டேன்.

"அக்கா, நீங்கதான் மாத்தினதா சொன்னீங்களா?"

"ஆமா."

"பன்னெண்டாம் தேதி மாத்தினதா ரோபோ மெமரியில இருக்கு. அன்னைக்கு உங்க பையன் மொட்டை போட்டு புத்த மடத்துல சேர்ந்த நாள். நீங்க உங்க ஊர் கோன்கேன்ல இருந்தீங்க!"

அவங்க லீவு லெட்டர்ல கையெழுத்துப் போட்டது நீங்க சார். ஊர்ல இருந்து அவங்க கொண்டுவந்த புளிப்பு சாசேஜ்ல நாலு உங்க வயித்துக்குள்ளதான் போச்சு.

அக்கா ஒட்டரிசிச் சோத்தை உருட்டிக்கிட்டே இருந்தாங்க.

"பழையபடி எட்டு வைங்கன்னு சார்கிட்ட போய்ச் சொன்னேன். மாத்தினது எவன்னு குதிச்சாரு. விசாரணை வைப்பேன், பேரு தெரிஞ்சா அன்னைக்கே வெளிய அனுப்புவேன்னாரு. நான்தான்னேன். ஆறு வருஷ ஆளுன்னு பேக்கிங்கோட விட்டாரு. அஞ்சு நிமிஷத்துல செட்டிங் பழையபடி வந்துடுச்சு. அதுக்கப்புறம் ரோபோ நின்னுச்சா? இல்லைல்ல. விடு."

"யார் மாத்தினாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்படி?"

"சாவி நோட்டுல பாத்தேன். நீ சாப்பிடு, சோறு காயுது."

நான் டப்பாவை மூடிட்டு எழுந்தேன்.

சார், செட்டிங்கைத் தொடணும்னா சாவி வேணும். சாவி வாங்கினா நோட்டுல கையெழுத்துப் போடணும். அந்த நோட்டு உங்க மேஜை மேலதான் கிடந்துச்சு. ஒரு ஆளோட வேலையைப் பறிக்கிறதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை திறந்து பாத்தீங்களா? நான் கொண்டு வந்திருக்கேன். இந்தாங்க.

படிங்க. மைக்குல படிங்க. பன்னெண்டாம் தேதி, மத்தியானம் பன்னெண்டு இருபது.

ஏன் முழிக்கிறீங்க? கையெழுத்து புரியலையா? நானே படிக்கிறேன். வாரி. பயிற்சி மாணவி.

ஆறு செகண்ட் மிச்சம் பிடிச்சுக் காட்டி எல்லாரையும் அசத்தணும்னு யார்கிட்டயும் கேக்காம எட்டை ரெண்டாக்கினது நான்தான். அதுல நின்ன ரோபோவுக்கு அக்காவைக் குத்தம் சொன்னதும் நான்தான். என்னை வெளிய அனுப்பியிருந்தா எனக்கு ஒரு வருஷப் படிப்பு போயிருக்கும். அதைத் தன் தலையில வாங்கிக்கிட்டவங்க அதோ நிக்கிறாங்க.

அக்கா, உங்களுக்கு நன்றி சொல்லத்தான் மேடை ஏறினேன். வாயைத் திறந்தா எனக்குச் சண்டைதான் முதல்ல வருது. மன்னிச்சிடுங்க. ரொம்ப நன்றிக்கா.

இப்ப நீங்க சொல்லுங்க சார். முந்நூறு பேர் முன்னாடி, இதே மைக்குல. திங்கக்கிழமை பெட்டி மடிக்க வேண்டியது யாரு?