இருபத்தைந்து வார்த்தைகள்

“இன்னையோட நாற்பத்தொரு நாள் ஆச்சு, டாக்டர். இந்த மாத்திரையை எப்பதான் நிறுத்துவீங்க?” என்றான் கணவன். “இவ முகம் உப்பிப் போச்சு. தூக்கமே கிடையாது. தூக்கம் வராம வீட்டுல இருக்கிற அலமாரியை எல்லாம் துடைச்சுத் தீர்த்துட்டா.”

மனைவி டாக்டரின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இடது காது போயாச்சு. வலது காதையாவது காப்பாத்தத்தான் இந்த மாத்திரை,” என்றார் டாக்டர். “உள்காதுல நோய் அடங்கிடுச்சான்னு கண்ணால பார்க்க முடியாது. கேட்கிற திறனை அப்பப்ப அளந்துதான் தெரிஞ்சுக்கணும். அடங்கறதுக்கு முன்னாடி நிறுத்தினா இதுவும் போயிடும். பரிசோதனை முடியட்டும், சொல்றேன்.”

கண்ணாடிச் சன்னல் வைத்த சின்ன அறைக்குள் மனைவி ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியே, கேட்கும் திறனைச் சோதிக்கிற ஆடியாலஜிஸ்ட் பெண். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. முதலில் ‘பீப்’ ஒலிகள். பிறகு அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு, பட்டியலில் இருந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக மைக்கில் வாசித்தாள். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இருபத்தைந்துக்கு இருபத்தைந்து.

“பார்த்தீங்களா டாக்டர்? அடுப்பை அணைன்னு வீட்டுல தொண்டை கிழியக் கத்தினாலும் காதுல விழாது. இங்க வந்தா நூத்துக்கு நூறு. சரியான காரியச் செவிடு!”

“முதுகைக் காட்டிக்கிட்டுக் கத்தினா?” என்று சிரித்தாள் மனைவி. அவள் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

டாக்டர் வரைபடத்தைப் பார்த்தார். “பீப் சத்தம் போன தடவையைவிடக் கொஞ்சம் குறைவாத்தான் கேட்டிருக்கு. ஆனா வார்த்தை இவ்வளவு தெளிவா விழுதுன்னா பயமில்ல. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு நிறுத்திடலாம்.”

பேனாவைத் திறந்தார்.

“சார்…” ஆடியாலஜிஸ்ட் பெண் இன்னும் கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தாள். மனைவி அவள் பக்கம் திரும்பினாள். “ஒரு தப்பு பண்ணிட்டேன் சார். பதினெட்டாவது வார்த்தையையும் பத்தொன்பதாவதையும் மாத்தி வாசிச்சுட்டேன். முதல்ல ‘பாம்பு’ன்னேன். அப்புறம்தான் ‘கதவு’ன்னேன்.”

“அதனால என்ன? அவங்கதான் ரெண்டையும் சரியாச் சொல்லிட்டாங்களே.”

“அதான் சார்… நான் பாம்புன்னப்ப அக்கா கதவுன்னாங்க. கதவுன்னப்ப பாம்புன்னாங்க. தாள்ல இருக்கிற வரிசையைப் பார்த்து நானும் சரி போட்டுட்டேன்.”

பேனா நின்றது.

“ஏம்மா, இந்தப் பட்டியலை யாராவது உங்களுக்குக் கொடுத்தாங்களா?”

“என்ன டாக்டர் இது? பிட் அடிச்சுப் பாஸ் பண்ண இதென்ன பரீட்சையா?” கணவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

மனைவியின் முகம் வெளிறியிருந்தது. “கேட்டுச்சேம்மா,” என்றாள் அந்தப் பெண்ணிடம். “கதவுன்னு நல்லாத் தெளிவாக் கேட்டுச்சே.”

அந்தப் பெண் தலையை மெல்ல ஆட்டினாள். இல்லை.

கணவனின் கோபம் போன இடம் தெரியவில்லை. அவன் மனைவியின் தோளைத் தொட்டான். “சொல்லிடு,” என்றான்.

“மாத்திரையை நிறுத்திடாதீங்க, டாக்டர்,” என்றாள் அவள். “பட்டியலை யாரும் கொடுக்கல. காது போற விஷயம் வெளியே தெரிஞ்சா வேலை போயிடுமேன்னு உங்ககிட்ட மறைச்சுட்டேன். நானும் ஆடியாலஜிஸ்ட்தான். வேற ஆஸ்பத்திரியில, பத்தொன்பது வருஷமா, வாயை மறைச்சுக்கிட்டு தினமும் இதே இருபத்தஞ்சு வார்த்தையை வாசிக்கிறவ.”