அவிட்ட நட்சத்திரத்துக்கு ஓர் அர்ச்சனை

"உன்னால ஏலாது, வினோ. விட்டிடு" என்றான் சுரேன்.

தம்பி வினோஜன் மடிக்கணினித் திரையில் தன் பெயரையும் அதற்கு நேரே இருந்த 5.0 என்ற பெறுபேற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெர்மனியில் ஒன்று என்றால் கெட்டிக்காரன், ஐந்து என்றால் கோட்டை விட்டவன்.

பொறியியல் படிப்பில் மற்றதெல்லாம் முடிந்து, வெப்ப இயக்கவியல் ஒன்றுதான் மிச்சம். அதில் இரண்டு முறையும் ஐந்து. மூன்றாம் முறை எழுதலாம். அதிலும் போனால் இந்த நாட்டில் எந்தக் கல்லூரியிலும் அந்தப் படிப்பைத் தொடர முடியாது. அதற்கான பதிவு இன்று பிற்பகல் இரண்டு மணியோடு மூடிவிடும். இப்போது ஒன்று இருபது.

தாய் மகாதேவி மூத்தவனைக் காலையிலேயே போன் பண்ணிக் கூப்பிட்டது, தம்பிக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லத்தான். சுரேன் அதே கல்லூரியில் ஒன்பது வருடத்துக்கு முன் 1.1 எடுத்தவன். ஹம் நகரத்தில் கணக்குக்கு முகம் சுளிக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தாய்மார் காட்டுகிற உதாரணம் அவன்தான். அவன் என்னடாவென்றால், வந்ததிலிருந்து கதிரையில்கூட உட்காராமல் நின்றுகொண்டு, விடு விடு என்கிறான்.

"நீயே இப்பிடிச் சொன்னா அவன் என்ன செய்வான்?" என்றாள் மகாதேவி.

"அது லேசுப்பட்ட பாடமில்லை அம்மா. மூண்டாம் முறையும் போச்செண்டால் முழுக்கப் பூட்டு. இப்பவே விலகினா, பாஸ் பண்ணின பாடங்களைக் காட்டி ஒரு அவுஸ்பில்டுங்கில சேரலாம். ரெண்டு வரியத்தில தொழிலும் கையில, சம்பளமும் கையில."

"கடைசிச் சோதினை மட்டும் கிடக்கேக்க, தொழில் பழகப் போ எண்டு சொல்லுறாய். வேலையால வந்தா அப்பாவுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

சுரேன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மகாதேவி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உனக்கும் ஏதோ பிடிச்சிருக்கு. ஆசை ஆசையா வளத்த தாடியை மாசியில வழிச்சுப்போட்டாய். உனக்குப் பேசின பொம்பிளை வீட்டுக்காரர் தாடிப் படத்தைப் பாத்துத்தான் ஓமெண்டவை. இப்ப வந்தினமெண்டால், சின்னவனையோ கட்டித்தரப் போறியள் எண்டு கேக்கப்போயினம்."

"அரிச்சதம்மா, அதுதான்" என்று சுரேன் நாடியைத் தடவினான்.

வேறு நேரமென்றால் வினோஜன் சிரித்திருப்பான். பெறுபேறு வந்த நாலு நாளாக அவனுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல, தொட்டால் தொட்டது தெரிந்தது, அவ்வளவுதான். கவலைப்பட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். கவலை வரட்டும் என்று காத்திருந்தான், அது வரவில்லை.

மகாதேவி தேத்தண்ணியை அவன் பக்கம் தள்ளிவைத்தாள். அது ஏற்கெனவே ஆடை கட்டியிருந்தது.

"வாயைத் திறந்து கதை, மோனை. முதல்முறை எத்தினை புள்ளியால தவறினது?"

"மூண்டு."

"ரெண்டாம் முறை?"

வினோஜன் தலையை நிமிர்த்தி அண்ணனைப் பார்த்தான்.

"பதினெட்டு."

"நல்ல கூத்து. எல்லாருக்கும் படிக்கப் படிக்கக் கூடும், உனக்குக் குறையுதே."

"இப்ப ஏனம்மா அந்தக் கணக்கெல்லாம்?" என்றான் சுரேன். அவன் காது சிவந்துவிட்டது. மூத்தவனுக்குத் தம்பியில் எவ்வளவு பாசம் என்று மகாதேவிக்கு மனம் இளகியது.

வினோஜன் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தான். மூன்று. பதினெட்டு. நாலு நாளாக இந்த இரண்டு எண்களையும் அவன் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை. மூன்று என்பது ஒரு கேள்வியில் பாதிகூட இல்லை.

அவன் திரையில் இருந்த பதிவுப் பொத்தானை அழுத்தினான்.

"என்னடா செய்தனி?"

"பதிஞ்சிட்டன்."

"விசரே உனக்கு? என்னால இனி…" என்று தொடங்கிய சுரேன், தாயைக் கண்டு வாயை மூடிக்கொண்டான். முதல் தடவையாகக் கதிரையை இழுத்து உட்கார்ந்தான்.

மகாதேவி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். பிறகு அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"இந்தமுறை ஐயரிட்டச் சொல்லி நல்ல வடிவாச் செய்விக்க வேணும். போனமுறையும் சோதினையண்டு காலமை ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்குப் போய், வினோஜன், அவிட்ட நட்சத்திரம் எண்டு அர்ச்சனை செய்விச்சுப்போட்டு, நீ எழுதி முடியுமட்டும் அந்த வாசலிலயே நிண்டு கும்பிட்டனான். கால் உளைஞ்சதுதான் மிச்சம். அம்மனுக்குக் கேக்கேல்லையாக்கும்."

வினோஜன் மடிக்கணினியை மூடினான். நாலு நாளைக்குப் பிறகு அவன் கண் கலங்கியது.

"கேட்டிருக்கும் அம்மா. அண்டைக்குச் சோதினை எழுதினது அண்ணா."