இந்த வார இடியம்

"யாரு உடைச்சது?"

மேனேஜர் கேட்டதும் ஆபீஸே திரும்பிப் பார்த்தது. ஜெராக்ஸ் மெஷினின் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டிருந்தது.

திங்கட்கிழமை காலை என்றால் எங்கள் ஆபீஸில் இங்கிலீஷ் வகுப்பு. மேனேஜர் போர்டில் ஒரு இடியம், அதாவது மரபுத்தொடர், எழுதுவார். அதை வைத்து ஆளுக்கொரு வாக்கியம் சொன்னால்தான் டீ. இன்றைக்கென்று பார்த்து, 'ஃபேஸ் த மியூசிக்'.

பெரிய கல் மோதிரம் மின்ன, விரலால் போர்டைத் தட்டினார்.

"அர்த்தம் தெரியுமில்ல? தப்பு செஞ்சுட்டு ஓடி ஒளியாம, வர்றதை நிமிர்ந்து நின்னு வாங்கிக்கறது. உடைச்சவங்க ஒத்துக்கற வரைக்கும் எந்த லெட்டர்லயும் கையெழுத்துப் போட மாட்டேன்!"

எல்லோர் கண்ணும் புது டைப்பிஸ்ட் மேல் போனது. அந்த மெஷினோடு தினமும் மல்லுக்கட்டுபவள் அவள்தான். அவள் வேலையை நிரந்தரமாக்கும் லெட்டருக்கும் இன்றைக்குத்தான் கையெழுத்து. பாவம், பேயறைந்த மாதிரி ஆகிவிட்டாள்.

"நான்தான் சார்."

ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்ளும் அக்கா எழுந்து நின்றாள்.

மேனேஜருக்கு ஏக குஷி.

"பாத்தீங்களா! இதுதான் அந்த இடியம்! அக்காவுக்கு எல்லாரும் கை தட்டுங்க!"

தட்டினோம். கையோடு அக்காவுக்கு ஒரு மெமோ கொடுத்துவிட்டு, டைப்பிஸ்ட் லெட்டரில் கையெழுத்துப் போட்டார்.

டைப்பிஸ்ட் அக்காவை ஓரங்கட்டினாள்.

"நீங்க அந்த மெஷின் பக்கமே வர மாட்டீங்களேக்கா?"

"நீயும் உடைக்கலைன்னு தெரியும்டி. உடைச்சிருந்தா அப்பவே அழுதுகிட்டு வந்து நின்னிருப்பே. மெமோ எனக்கு ஒண்ணும் பண்ணாது. லெட்டரைப் பத்திரமா பைக்குள்ள வை, போ."

மதியம் மெக்கானிக் வந்தார். மெஷினைத் திறந்து, உள்ளே சிக்கிக் கசங்கியிருந்த ஒரு பேப்பரை உருவினார்.

"உடைஞ்சப்ப எடுத்த காப்பி சார் இது. விரிசல்கூட அப்படியே விழுந்திருக்கு பாருங்க. தடி புஸ்தகத்தை வெச்சு அமுக்கு அமுக்குன்னு அமுக்கியிருக்காங்க."

எல்லோரும் எட்டிப் பார்த்தோம்.

இடியம் புத்தகத்தின் ஒரு பக்கம். 'ஃபேஸ் த மியூசிக்' என்ற இடத்தில் பேனாவால் வட்டம். ஓரத்தில், புத்தகத்துக்கு அடியில் கொடுத்துப் பிடித்திருந்த ஒரு விரலும் சேர்ந்து காப்பியாகியிருந்தது. விரலில் கல் வைத்த மோதிரம்.

"இது யாரு கை சார்?" என்றார் மெக்கானிக்.

மேனேஜர் மெதுவாகத் தன் கையை பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.