வாலைப் பார்த்த நண்டு

கம்ப்யூட்டர் விளையாட்டில் பறக்கும் போர் விமானத்தின் இரு பக்கமும் முத்துகிருஷ்ணன் ஒரு தென்னை நண்டின் படத்தை ஒட்டிக்கொண்டிருந்தார். படைப்பிரிவின் சின்னமாம் அது. மனிதருக்கு ஐம்பத்திரண்டு வயது. பகலில் கப்பல் டிக்கெட் அலுவலகத்தில் தலைமை எழுத்தர்.

மனைவி சுசீலா பின்னால் வந்து நின்றாள். அவள் மூச்சிலேயே ஏளனம் கேட்டது.

"சாயங்காலம் பூரா உக்காந்து இதத்தான் பண்ணீங்களா?"

"முடிஞ்சிருச்சு சுசீ."

"வலது பக்கத்து நண்டு விமானத்தோட வாலைப் பாத்து நிக்குது. எதிரியக் கண்டதும் திரும்பி ஓடுதாக்கும். உங்கள மாதிரியே."

"இடது பக்கத்துப் படத்தையே திருப்பாம ஒட்டிட்டேன்."

"ஆபீஸ்லயும் இந்த லட்சணம்தானா? எட்டு மணிக்குள்ள சரியாகலேன்னா இனிமே கம்ப்யூட்டர் பக்கமே வரக்கூடாது. பஸ், அவ்வளவுதான், சொல்லிட்டேன்."

விமான நிலையத்தை ஒட்டிய பத்துபஸ்தியில் அவர்கள் வீட்டுக் கூரையை உரசிக்கொண்டு நிஜ விமானம் ஒன்று இறங்கியது. அவர் தலையை நிமிர்த்தவில்லை. நண்டைத் திருப்பி ஒட்டி முடித்தபோது மணி எட்டு.

"டீக் ஹை, இப்ப சரியா இருக்கு. எந்திரிங்க."

அவர் எழுந்தார். சுசீலா அந்த நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தாள்.

"கமாண்டர் மேடம், நாங்க ரெடி," ஸ்பீக்கரில், அவள் படைப்பிரிவில் சேர்ந்து விளையாடும் ஷாதிபூர் ஜாஹிரின் குரல் வந்தது. "நண்டு ஏக்தம் மஸ்த், பிரமாதம். யார் போட்டதுன்னு கராச்சர்மா டீம் கேக்குது. அவங்களுக்கும் போட்டுத் தர ஆளை அனுப்புவீங்களா?"

"அவர் என்னோட கிரவுண்ட் ஸ்டாஃப். யாருக்கும் தர்றதா இல்ல," என்றாள் சுசீலா.

முத்துகிருஷ்ணன் தோசை வார்க்கப் போனார். அன்றைக்கு முதல் தோசையே வட்டமாக வந்தது.