முன்தேதியிட்ட சாவு

மரணப் பதிவு வாரியத் தலைவரின் நியமனம் செல்லாது என்று உயர் நீதிமன்றம் காலை பதினொன்றரைக்குத் தீர்ப்புச் சொன்னது. அவர் கையெழுத்திட்ட எட்டாயிரம் சாவுகளும் மத்தியானத்துக்குள் ரத்தாகிவிட்டன. அப்படி ரத்தானவர்களில் இரண்டு பேர் அன்றே ரேஷன் வாங்கிப் போனதாகவும் ஒரு பேச்சு உண்டு.

வேதாசலத்தின் மனைவி சௌந்தரவல்லி இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது; அவள் சாவும் அந்த எட்டாயிரத்தில் ஒன்று. அன்று சாயங்காலம் பதிவேட்டைப் பார்த்து ஆள் கணக்கு வைக்கும் வீட்டின் பேசும் கதவு தானாகக் கேட்டது: “அம்மா இன்னும் வரல. தாழ்ப்பாள் போடட்டுமா?”

“வேணாம், இருக்கட்டும்” என்றார் வேதாசலம். மறுநாள் இரண்டு காபி போட்டார்.

மூன்றாவது வாரம் அரசு அதே தலைவரை முறைப்படி தேர்ந்தெடுத்து, முன்தேதியிட்டு நியமனத்தைப் புதுப்பித்தது. வெள்ளிக்கிழமை முதல் பழைய சாவுகள் மறுபடி செல்லும். வேதாசலம் தடை கேட்டு வழக்குப் போட்டார்.

“நியமனம் முறைப்படி நடந்துச்சான்னுதான் நான் பார்க்க முடியும், பெரியவரே. அதுல குறை ஒண்ணுமில்ல” என்றார் நீதிபதி அம்மாள். “இந்தத் தலைவரே தொடர்ந்தா உங்களுக்கு என்ன பாதிப்பு?”

“தடை தர முடியலேன்னா போகட்டும்மா. போன தடவை அவ போறப்ப நான் ஆஸ்பத்திரி கேன்டீன்ல டீ குடிச்சிக்கிட்டிருந்தேன். இந்தத் தடவை எத்தனை மணிக்குன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க.”

நீதிபதி தீர்ப்பின் கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: மாலை நான்கு மணி.

வெள்ளியன்று வேதாசலம் மூன்று மணிக்கே காலிக் கட்டிலின் ஓரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். யார் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.