அடிமை இல்லாத கணினி

குடியிருப்புச் சங்கத்தில் துணி துவைக்கும் அறைக்கு முறை பதிவு செய்கிற பழைய கணினியில் இடம் தீர்ந்துபோனது. இரண்டாவது ஹார்டு டிஸ்க் மாட்ட வந்தார் மூன்றாம் மாடி டோர்கெல்.

“ஒண்ணு மாஸ்டர், இன்னொண்ணு ஸ்லேவ். அப்படி வச்சாத்தான் ஓடும்.”

“அடிமையா? ஸ்வீடன்லயா?” என்றார் தலைவி குன்வோர்.

கூட்டம் கூடியது. இரண்டுமே மாஸ்டர் என்று ஏகமனதாக முடிவானது. மாட்டினார், கணினி எழுந்திருக்கவில்லை. அடுத்த கூட்டம் இரண்டுமே ஸ்லேவ் என்றது. அதற்கும் அசையவில்லை.

மூன்று வாரம் ஓடியது. பதிவில்லாமல் துவைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? துவைத்த துணியெல்லாம் தீர்ந்துபோய், மிச்சமிருந்த கல்யாணக் கோட்டோடு மூன்றாம் கூட்டத்துக்கு வந்தார் டோர்கெல்.

“ஒரு வாரம் இது, மறு வாரம் அது மாஸ்டரா இருக்கட்டும்,” என்று தீர்ப்பானது. கணினி எழுந்தது.

பழைய டிஸ்கில் அப்படி என்னதான் அடைத்திருக்கிறது என்று டோர்கெல் பார்த்தார். துவைக்கும் பட்டியல் ஒரு மூலையில் கிடந்தது. மற்றதெல்லாம் சங்கக் கூட்டங்களின் வீடியோ.

குன்வோர் பென்டிரைவை நீட்டினார். “இந்த மூணு கூட்டத்தையும் புதுசுல ஏத்திடுங்க.”

ஏற்றினார். புதியதிலும் ஒரு பெயர் பதியக்கூட இடமில்லை.

“இன்னொண்ணு வாங்கணும் போல. செவ்வாய்க்கிழமை கூட்டம் போட்டுப் பேசிடலாம்,” என்றார் குன்வோர்.

கழற்றப்போன கோட்டுக்கு டோர்கெல் மறுபடி பொத்தான் போட்டுக்கொண்டார்.